அஞ்சாவது கியர்

ரத்தினகிரி மலை கண்ணில் பட்ட நேரம் அது. ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை முடிந்து வேலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டி எண்பதில் போகிறது, ஐந்தாவது கியர். முன்னால் ஒரு லாரி வலதுபுறம் ஒதுங்குகிறது என்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கியர் ராடு என் உள்ளங்கைக்குக் கீழேயே பின்னால் நழுவி நியூட்ரலில் வந்து நின்றது. மறுபடி மிதித்தால் என்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டிக்கு இழுவையே இல்லை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. நாலாவதைப் போட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மேலே ‘என் உள்ளங்கைக்குக் கீழேயே’ என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். அன்றைக்கு அப்பாவிடம் சொன்னபோதும் ஏறக்குறைய அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். விஷயம் முழுக்க அதிலேயே இருந்தது என்று எனக்கு விளங்க மூன்று மாதம் ஆனது.

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “நீ முழுசாப் போட்டிருக்க மாட்ட” என்றார். “நீங்கதான் கிளட்ச்ச தேய்ச்சிட்டீங்க” என்றேன் நான். ஒரே காரை இரண்டு பேர் ஓட்டும் வீடுகளில் இந்தச் சண்டைக்கு அறிமுகம் வேண்டாம். சீட்டை யார் முன்னால் தள்ளியது, டேங்கில் பெட்ரோல் போடாமல் யார் விட்டது, கதவில் கீறல் எப்போது விழுந்தது, எல்லாவற்றுக்கும் குற்றவாளி மற்றவர்தான். எங்கள் வண்டி பதினோரு வயது ஆன சின்ன கார், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியது. வாரநாட்களில் எனக்கு, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அப்பாவுக்கு.

அப்பா மேல் எனக்கிருந்த வழக்கு வலுவானது. அவர் இருபத்தைந்து வருடம் பஜாஜ் சேட்டக் ஓட்டியவர். சேட்டக்கில் கிளட்ச், கியர் இரண்டுமே இடது கையில். நெரிசலில் விரலால் கிளட்ச்சைப் பாதி பிடித்து, பாதி விட்டு, நத்தை மாதிரி நகர்த்துவதுதான் அந்த ஸ்கூட்டரின் கலையே. ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றபோது அந்தக் கலையை அப்படியே இடது காலுக்கு இறக்கிவிட்டார். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் வரிசை நின்றால் ஹேண்ட் பிரேக் போடவே மாட்டார். ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தொங்கவிட்டு நிற்பார். கிரீன் சர்க்கிளிலும் அதே கதைதான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு தட்டு தேய்ந்து தூளாகிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. போர்டிகோவில் புது டைல்ஸ் போட்டதிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் காருக்கு அடியில், முன் இடது பக்கமாக, ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து வைப்பார். காலையில் அதில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறை இருக்கும். அட்டை நனைந்துபோனால் வேறு அட்டை. “பழைய வண்டின்னா கொஞ்சம் சொட்டத்தான் செய்யும்” என்பார். டைல்ஸ் மட்டும் இன்றுவரை பளபளவென்று இருக்கிறது.

முப்பத்தெட்டாயிரம்

முதலில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஏசி போட்ட அறை, காபி, கையில் டேப்லெட் வைத்த இளைஞர். “ஃபிஃப்த் கியர் கழன்று வருது” என்றதும் பதினைந்து நிமிடத்தில் எஸ்டிமேட் வந்தது: கியர் பாக்ஸை முழுதாக இறக்கிப் பிரிக்க வேண்டும், கிளட்ச் செட் மாற்ற வேண்டும், மொத்தம் முப்பத்தெட்டாயிரம் ரூபாய், மேலே ஏதாவது இருந்தால் பிறகு சொல்வோம். யாரும் வண்டிக்கு அடியில் குனியவில்லை, ஓட்டிப் பார்க்கவும் இல்லை. அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் நாற்பது கேள்வி கேட்கும் டாக்டரிடம் போய்ப் பழகிய ஊர்க்காரன் நான். தொட்டுப் பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால் மனசு ஒப்பாது.

அலுவலக நண்பர் ஒருவர், “இதை வித்துட்டு ஆட்டோமேடிக் எடு, தொல்லை விட்டுச்சு” என்றார். அவர் வைத்திருப்பது ஏஎம்டி. அதற்குள் இருப்பதும் நம்முடைய அதே கியர் பாக்ஸ், அதே கிளட்ச் தட்டுதான். நம் காலும் கையும் செய்கிற வேலையை ஒரு சின்ன இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான். அதிலும் கிளட்ச் தேயும், அதற்கும் ஆயில் வேண்டும். சொன்னால் அவர் நம்பவில்லை. அந்த இயந்திரக் கைக்கு ஒரு நல்ல குணம் உண்டு என்பது எனக்கும் அப்போது உறைக்கவில்லை. கியரைப் போட்டதும் அது தன் வேலையைப் பார்க்கப் போய்விடும், அங்கேயே சாய்ந்து உட்கார்ந்திருக்காது.

இரண்டு மாதம் நாலாவது கியரிலேயே ஓட்டினேன். மைலேஜ் சரிந்தது. கோபத்தில் சில நாள் ஐந்தாவதைப் போட்டு ராடைக் கையால் முன்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மேல்விஷாரத்திலிருந்து வீடு வரைக்கும் வந்திருக்கிறேன். புண்ணைச் சொறிந்து ஆற்றப் பார்த்த கதை.

கொணவட்டத்து ஷெட்

மெக்கானிக் பாயின் ஷெட் கொணவட்டம் பக்கம். போர்டு கிடையாது. ஒரு வேப்பமரம், மூன்று கார்கள், ஒரு டீ கிளாஸ் ஸ்டாண்ட். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு சாவியைக் கேட்காமல் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். “நீங்க ஓட்டுங்க சார்.”

பைபாஸில் ஏறிப் பள்ளிகொண்டா பக்கம் கொஞ்ச தூரம் போனோம். நடுவில் நாலாவது கியரில் ஓரிடத்தில் முழுதாக மிதிக்கச் சொன்னார். என்ஜின் வேகமும் வண்டி வேகமும் சேர்ந்தே ஏறின. கிளட்ச் வழுக்கினால் என்ஜின் மட்டும் எகிறும், வண்டி அங்கேயே இருக்கும். “கிளட்ச் நல்லா கீது” என்றார். நிறுத்தி, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு, பெடலை அமுக்கச் சொன்னார், விடச் சொன்னார். அமுக்கும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங், விட்டபிறகு வந்தால் பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங். இரண்டும் இல்லை. ஆக, பத்து வருடமாக நான் அப்பா மேல் போட்டிருந்த வழக்கு இரண்டு நிமிடத்தில் தள்ளுபடி. சேட்டக் கால் தட்டைத் தின்றுவிடவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஐந்தாவது கியர். அதில் போகும்போது அவர் ரோட்டையும் பார்க்கவில்லை, மீட்டரையும் பார்க்கவில்லை. குனிந்து எனக்கும் அவருக்கும் நடுவில் எதையோ பார்த்துக்கொண்டே வந்தார். காது கொடுத்துக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

“பாக்ஸ எறக்க வேணாம் சார். அஞ்சாவது மட்டும் தனியா கீது.” இந்த மாதிரி முன்சக்கர இழுவை உள்ள சின்ன வண்டிகள் பலவற்றில் முதல் நாலு கியர்கள் பெட்டிக்குள் இருக்கும், ஐந்தாவது மட்டும் பெட்டியின் ஓரத்தில் தனி மூடிக்குள். இடது முன்சக்கரத்தைக் கழற்றினால் அந்த மூடி கைக்கு எட்டும். முப்பத்தெட்டாயிரத்துக்கும் இதற்கும் நடுவில் இருந்தது இந்த ஒரு மூடிதான்.

அன்றைக்கு விடுப்பு போட்டுவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றினார்கள். ஷெட் பையன் அடியில் இருக்கும் ட்ரெயின் பிளக்குக்கு ஸ்பேனரை வைத்ததும் பாய் ஒரு அதட்டல் போட்டார். முதலில் மேலே உள்ள ஃபில்லர் பிளக்கைத் திறக்க வேண்டுமாம். கீழே திறந்து ஆயிலையெல்லாம் கொட்டிவிட்ட பிறகு மேல் பிளக் துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் என்ன செய்வது? ஆயில் இல்லாத வண்டி, ஊற்ற வழியும் இல்லை. எத்தனையோ வேலைகளில் நான் கீழ் பிளக்கை முதலில் திறந்தவன்.

வந்த ஆயில் தார் மாதிரி இருந்தது, நாற்றம் தாங்கவில்லை. என்ஜின் ஆயிலுக்கு இந்த வாசனை கிடையாது. கியர் ஆயிலில் கந்தகம் கலந்த சேர்மானங்கள் உண்டு, அதனால் அழுகிய பூண்டு போல மூக்கைப் பிடிக்கும். எனக்கு அந்த வாசனை எங்கேயோ பழக்கமானதாக இருந்தது. எங்கள் போர்டிகோ அட்டை! வண்டியின் கையேட்டில் இரண்டு லிட்டருக்கு மேல் என்று போட்டிருந்தது. அளந்தால் ஒரு லிட்டர்கூடத் தேறவில்லை. சக்கரத்துக்குச் சுற்றைக் கொண்டுபோகும் ஷாஃப்ட், பாக்ஸிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஒரு ஆயில் சீல் உண்டு. அந்த ரப்பர் வளையம் கெட்டிப்பட்டு, அப்பாவின் அட்டையில் வருடக்கணக்காகச் சொட்டியிருக்கிறது. குறைந்ததைத் திரும்ப ஊற்ற யாருக்கும் தோன்றவில்லை. டிப்ஸ்டிக் இல்லாத பெட்டி, எட்டிப் பார்க்க வழியில்லை. ‘கியர் ஆயில் வண்டி ஆயுசுக்கும் போதும்’ என்று ஒரு நம்பிக்கை ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. வாரம் தவறாமல் வண்டியைக் கழுவி, டாஷ்போர்டுக்கு பாலிஷ் போட்டு, பிள்ளையாருக்கு மல்லிகைச் சரம் சுற்றுகிறவர்கள்கூட அந்த ஆயிலை ஒருமுறையும் மாற்றியிருக்க மாட்டார்கள். நாங்களும் அந்தக் கூட்டம்தான்.

“ஆயில் கொறஞ்சா ஓரத்துல கீற அஞ்சாவதுக்குத்தான் மொதல்ல பஞ்சம்” என்றார் பாய். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கிளட்ச்சில் தப்பித்த அப்பா ஆயிலில் மாட்டினார்.

அந்தக் கவை

மூடியைக் கழற்றினார். பஞ்ச் வைத்து ஒரு சின்ன ஊசியைத் தட்டி எடுத்தார், சர்க்லிப்பை விரித்தார், புல்லர் போட்டு இழுத்தார். கையில் வந்தது ஃபோர்க். உண்டிவில் கவை மாதிரி இருக்கும் ஒரு இரும்புத் துண்டு.

கியர் மாற்றும்போது பல்சக்கரங்கள் இடம் மாறுவதாகத்தான் நான் நாற்பது வயதுவரை நினைத்திருந்தேன். ரிவர்ஸை விட்டுவிட்டால் அவை நகர்வதே இல்லை. எல்லா ஜோடிகளும் எப்போதும் கோத்துக்கொண்டு சுற்றியபடியேதான் இருக்கின்றன. நகர்வது ஸ்லீவ் என்கிற ஒரு வளையம். அது சறுக்கிப் போய், வேண்டிய கியரின் ஓரத்தில் உள்ள குட்டிப் பற்களில் பூட்டிக்கொள்ளும். அந்தப் பற்களை நுனியில் அகலமாகவும் வேரில் சற்றுக் குறுகலாகவும் வெட்டியிருப்பார்கள், அதனால் என்ஜின் இழுக்க இழுக்க ஸ்லீவ் இன்னும் உள்ளேதான் போகும். ஸ்லீவைத் தள்ளுவது இந்தக் கவை. தள்ளி முடித்ததும் இதன் வேலை முடிந்தது. அதற்கப்புறம் கவைக்கும், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் ஸ்லீவுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். தொடக்கூடாது.

பாய் புதுக் கவை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் ஒரு பழைய துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதியதன் இரண்டு நுனிகளும் தட்டையாக, இரண்டு முகமும் ஒரே கனமாக இருந்தன. எங்களுடையதை எடுத்து விரலால் தடவினேன். ஒரு முகம் கிட்டத்தட்ட புதிது போலவே இருந்தது, வார்ப்பிலிருந்த கோடுகூட அழியவில்லை. மறுமுகம் வழுவழுவென்று உள்வாங்கி, ஓரம் பிளேடு மாதிரி கூராகி, சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

“ஆயில் இல்லாம தேஞ்சா ரெண்டு பக்கமும்தான் தேயும்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், கவையைப் பார்த்தபடியே கேட்டார்: “கைய ராடு மேலயே வெச்சிக்கினு ஓட்றது சாரா, அப்பாவா?”

நான் பதில் சொல்லவில்லை. வழியெல்லாம் அவர் குனிந்து பார்த்தது எதை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஐந்தாவது கியர் போட ராடை முன்னால் தள்ள வேண்டும். அதன் மேல் கையைத் தொங்கவிட்டால், நாம் அழுத்துவதாக நினைக்காவிட்டாலும், கையின் கனம் அதைப் பின்னால்தான் இழுக்கும். அந்த இழுப்பு கேபிள் வழியாகப் போய், கவையின் ஒரே முகத்தைச் சுற்றும் ஸ்லீவில் உரசவைக்கும். ஸ்லீவும் எந்நேரமும் வெளியே வரப் பார்த்துக்கொண்டே இருக்கும். பாதி வெளியே வந்த ஸ்லீவ் பற்களின் நுனியில் மட்டும் பிடித்து, நுனிகளை மழுக்கும். உள்ளே இழுக்க வேண்டிய பல் வெளியே தள்ள ஆரம்பித்துவிடும். அதைத்தான் நான் தினம் போக வர ஐம்பது கிலோமீட்டர், வருடக்கணக்காகச் செய்திருக்கிறேன். அப்பா ஹைவேயில் ஏறுவதே அபூர்வம். ஊருக்குள் அவர் ஐந்தாவது கியர் போட்டு நான் பார்த்ததில்லை.

எங்கிருந்து வந்தது இந்தக் கை? ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் திருவண்ணாமலைக்குப் போகும் பஸ்ஸில் எப்படியாவது டிரைவர் பக்கத்தில், என்ஜின் மூடிக்கு அருகில் இடம் பிடிப்பேன். அந்த நீள ராடு வலிப்பு வந்த மாதிரி நடுங்கும். டிரைவர் அதன் தலையில் கையை வைத்து அமர்த்திப் பிடித்தபடி, ஒற்றைக் கையில் ஸ்டியரிங்கைச் சுழற்றுவார். எனக்கு அதுதான் ஓட்டுநர் என்பதன் உருவம். அப்பாவின் காலில் சேட்டக் இருந்தது போல என் கையில் அந்த பஸ் இருந்திருக்கிறது. என்ன, அவருடைய சேட்டக் எதையும் உடைக்கவில்லை.

மீதி வேலை சீக்கிரம் முடிந்தது. புது ஃபோர்க், ஸ்லீவ், ஐந்தாவது கியர், பூட்டுவதற்கு முன் வேகத்தைச் சமப்படுத்தும் அதன் பித்தளை சின்க்ரோ ரிங், ஷாஃப்ட் சீல். ஆயில் விஷயத்தில் மட்டும் ஒரு கூத்து. கடைக்காரர் ஜிஎல்-4 என்கிற கியர் ஆயில் ரகத்தைக் கேட்டதற்கு ஜிஎல்-5 கொடுத்து, “நம்பர் ஜாஸ்தி, இன்னும் நல்ல ஆயில்” என்றார். பாய் டப்பாவைத் திறக்காமலேயே திருப்பி அனுப்பினார். ஜிஎல்-5இல் சேர்மானம் கூடுதல். பின் ஆக்ஸில் மாதிரி இடங்களுக்கு அது சரி, பித்தளை ரிங் உள்ள பெட்டிக்கு ஆகாது. கையேடு எதைக் கேட்கிறதோ அதுதான். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஃபில்லர் துளையில் வழிய ஆரம்பிக்கிறவரை ஊற்றினார்கள். வழிந்தால் அளவு சரி. எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய்.

பழைய கவையைக் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி, டாஷ்போர்டு பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் சொன்னது

“என்னவாம்?” என்றார் அப்பா.

“ஆயில் சீல் போயிருந்தது. அட்டைல சொட்டிக்கிட்டு இருந்ததே, அதான். ஆயில் இல்லாம ஓடி அஞ்சாவது கியர் போயிடுச்சு.”

சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போர்டிகோவுக்குப் போய், அன்றைக்கு ராத்திரிக்காக எடுத்து வைத்திருந்த அட்டையை மடித்துப் பழைய பேப்பர் கட்டோடு வைத்துவிட்டு வந்தார். “சொல்லியிருந்தா அப்பவே பார்த்திருக்கலாம், நான்தான் விட்டுட்டேன்” என்றார். எழுபத்திரண்டு வயதில் அவர் எதற்கும் ‘நான்தான்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. அந்த நேரத்திலாவது கவையை எடுத்து வந்து காட்டியிருக்க வேண்டும். சாப்பிடப் போய்விட்டேன்.

இது பிப்ரவரியில். அதற்குப் பிறகு அவர் என் டிரைவிங் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் காட்பாடி பாலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கையைத் திருத்திக்கொள்ள முயன்றேன். ஒரு வாரம் ஞாபகம் இருக்கும், அடுத்த வாரம் போன் பேசி முடித்துவிட்டுப் பார்த்தால் கை ராடின் மேல் இருக்கும்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு பேரும் காஞ்சிபுரம் போனோம். அப்பா பக்கத்து சீட்டில், மடியில் அம்மா வறுத்துக் கொடுத்த வேர்க்கடலைப் பை. ரத்தினகிரி தாண்டி ஐந்தாவது கியர் போட்டேன். கொஞ்ச நேரத்தில், “இந்தா” என்று தோல் நீக்கிய கடலை நாலைந்தை நீட்டினார். இடது கையில் வாங்கி வாயில் போட்டேன். ஆற்காட்டுப் பாலத்தில் மறுபடி “இந்தா.” வாலாஜா டோல்கேட்டுக்கு முன்னால் இன்னொரு முறை. அதற்கப்புறம்தான் கவனித்தேன். என் கை ஸ்டியரிங்கில் இருக்கும்வரை அவர் வெளியே வேடிக்கை பார்க்கிறார். கை ராடின் பக்கம் இறங்கினால்தான் கடலை வருகிறது.

“பாயை எப்போ பார்த்தீங்க?” என்றேன்.

“ஆயில் கசியுதான்னு காட்டக் கொண்டுபோனேனே, மார்ச்சுல.” இன்னொரு கடலையை நசுக்கித் தோலை ஊதினார்.

அன்றைக்குத் தேதி செப்டம்பர் பதினொன்று.